பிராக்சிமா பி கோளில் காற்று மிஞ்சியிருக்குமா?

செங்கதிர்:
நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பிராக்சிமா சென்டாரி என்ற விண்மீனைப் பிராக்சிமா பி என்ற கோள் சுற்றுவதாக 2016இல் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, அதை இன்னொரு பூமியாகக் கொண்டாடும் கட்டுரைகள் ஓயவில்லை. அங்கே காற்று மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை என்பதே என் வாதம். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவில் இருபதில் ஒரு பங்கே தள்ளி, 11.2 நாளுக்கு ஒரு சுற்றாக ஓடும் அந்தக் கோளின் சூரியன், அடிக்கடி சீறும் ஒரு சிவப்புக் குறுமீன், அதாவது சிறிய, மங்கலான விண்மீன். 2019 மே மாதம் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி பதிவுசெய்த சுடர்வீச்சில், அதாவது திடீர் வெடிப்பொளியில், காற்றை அரிக்கக்கூடிய அதன் புறஊதா ஒளி சில நொடிகளில் 14,000 மடங்கு எகிறியது.

தென்னவன்:
அந்த ஓர் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது, நண்பரே. கோளுக்குக் காந்தப்புலம் உண்டா, எரிமலைகள் இழந்த வாயுவை ஈடுகட்டுகின்றனவா என்று தெரியாமல் கணக்கு முடியாது. பிராக்சிமா பி போல நெருங்கிச் சுற்றுவதால் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டக்கூடிய கோளில், இருண்ட பக்கத்துக் காற்று உறைந்து வீழ்ந்துவிடும் என்றுதான் முன்பு நம்பினார்கள். பூமியின் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கரியமில வாயு இருந்தாலே பகற்பக்க வெப்பம் அங்கே பரவி அதைத் தடுக்கும் என்று 1997இல் ஜோஷி என்ற ஆய்வாளரின் குழு உருவாக்கிய கணினி மாதிரி காட்டியது.

செங்கதிர்:
பரவுவதற்கு முதலில் வாயு இருக்க வேண்டுமே! சுடர்வீச்சைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த விண்மீனின் இளமைக்காலம். இத்தகைய குறுமீன்கள் நிலைபெறுமுன் கோடிக்கணக்கான ஆண்டுகள் இன்றைவிடப் பிரகாசமாக எரிகின்றன; அப்போது கடல்நீர் ஆவியாகி, மேலே சிதைந்து, ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பியிருக்கும்.

தென்னவன்:
கோள் அங்கேயே பிறந்திருந்தால் அப்படித்தான். வெகுதொலைவில் பனிக்கட்டியோடு உருவாகிப் பின்னர் உள்நோக்கி நகர்ந்திருந்தால், இழந்தது போகவும் கடல் மிஞ்சும்.

நிலவன்:
ட்ராப்பிஸ்ட்-1 என்ற குறுமீனின் முதற்கோளை வெப் விண்வெளித் தொலைநோக்கி அளந்தபோது, 2023இல் கிடைத்த விடை காற்றில்லாத வெறும் பாறையையே சுட்டியது. ஆனால் அது பூமியைப் போல நான்கு மடங்கு ஒளி வாங்கும் கோள். பிராக்சிமா பி வாங்குவது பூமியின் மூன்றில் இரண்டு பங்கே என்பதால் அந்த விடையை இங்கே பொருத்தக் கூடாது. தவிர, பிராக்சிமா பி தன் விண்மீனை மறைத்துக் கடப்பதாக இதுவரை உறுதிப்படவில்லை. ஆகவே காற்றினூடே வடிந்து வரும் ஒளியை ஆராயும் வழியும் அடைபட்டிருக்கிறது. சிலியில் எழும்பும் 39 மீட்டர் ஆடித் தொலைநோக்கி, கோள் எதிரொளிக்கும் ஒளியைப் பிரித்து ஆக்சிஜனைத் தேடலாம்.

தென்னவன்:
ஆக்சிஜன் மட்டும் தெரிந்தால் அதை உயிருக்குச் சான்றாக நானே ஏற்கமாட்டேன். செங்கதிர் சொன்ன நீரிழப்பே ஹைட்ரஜனை விரட்டிவிட்டு ஆக்சிஜனை விட்டுச்செல்லக்கூடியது. கூடவே மீத்தேனும் தெரிய வேண்டும்.