பகுதி சபையில் பணியாற்ற விரும்புகிறேன்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அஞ்சல் துறையிலிருந்து ஓய்வுபெற்ற நான், எங்கள் மாநகராட்சி வார்டின் பகுதி சபையில் (வார்டின் ஒரு பகுதியில் வசிப்பவர்கள் கூடிப் பேசும் சபை; ஏரியா சபை என்றுதான் பலரும் சொல்கிறார்கள்) பிரதிநிதியாகப் பணியாற்ற விரும்புகிறேன்.

மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கூறியிருந்தும், வார்டு தோறும் குழு, அதன்கீழ் பகுதி சபை என்ற அமைப்புக்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022-இல்தான் வெளிவந்தன. வார்டு குழுவுக்குக் கவுன்சிலரே தலைவர். பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாநகராட்சி மன்றமே நியமிக்கிறது. என் சிக்கலும் இங்குதான் தொடங்குகிறது.

அலுவலகத்தில் விசாரித்தால் கவுன்சிலரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அங்கே போனால், பட்டியல் எப்போதோ போய்விட்டது என்கிறார்கள். சென்ற பகுதி சபைக் கூட்டத்தில், எங்கள் தெருமுனையில் மூடியில்லாமல் கிடக்கும் மழைநீர் வடிகாலையும், யாரும் விழுந்துவிடாதிருக்க அதில் செருகி வைத்திருக்கும் தென்னை மட்டையையும் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டிப் பேசினேன். தலையசைத்தார்களே தவிர, பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை.

கட்சி சார்பற்ற ஒருவர் விருப்ப மனுவை ஆணையருக்கு நேரடியாக அனுப்பலாமா, இடையில் காலியாகும் இடத்துக்கு எவ்வாறு நியமிக்கிறார்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற்றவர்கள் உண்டா என்பதை விவரமறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். தற்போதைய மன்றங்கள் 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் அமைந்தவை என்பதால், இப்போது விண்ணப்பிப்பதா, அடுத்த மன்றம் அமையும்வரை பொறுத்திருப்பதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.