வளவுக் கச்சேரிக்கு ஆம்ப் வேண்டுமா, பெடல் போதுமா?

ஒற்றைக்கம்பி:
போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், கல்யாண வரவேற்புக்கு வாசித்தேன். ஆம்ப், அதாவது கிதார் சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, கொண்டுபோகவில்லை. தோளில் கிதார், பையில் ஆம்ப் மாதிரியே சத்தம் தரும் டிஜிட்டல் பெடல், இரண்டு ஒயர். காரைக்குடியிலிருந்து பைக்கிலேயே போய்விட்டேன். பெடலிலிருந்து நேராக மிக்சருக்கு. இனி எனக்கு ஆம்ப் தேவையில்லை. மறுப்பவர்கள் வரலாம்.

பழையபெட்டி:
வந்துவிட்டேன் தம்பி. என் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் 29 கிலோ; முகப்புப் படி ஏற்ற இரண்டு பேர் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நோட்டை நீட்டிப் பிடித்தால் ஸ்பீக்கர் சத்தம் கம்பியைத் திரும்பவும் அதிரவைக்குமே, அது நேர் ஒயரில் எங்கே? மேடையில் நம் பக்கம் திருப்பி வைக்கும் மானிட்டர் பாக்ஸில் கேட்பது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி.

ஒற்றைக்கம்பி:
அந்தச் சத்தம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தா காதிலும் அடிக்கிறதே அண்ணே! வளவு என்றால் ஆத்தங்குடிக் கல் தரை, வழவழவென்று சுண்ணாம்புச் சுவர். சத்தத்தை வாங்கிக்கொள்ள விரித்த ஜமுக்காளம் மட்டும்தான். உங்கள் 85 வாட் வால்வு (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்) ருசியாகக் கரகரக்க ஆரம்பிப்பதற்குள் பந்தி கலைந்துவிடும். குறைத்து வைத்தால் அந்த ருசியே வராது. அப்புறம் எதற்கு 29 கிலோ?

மைக்செட்காரன்:
நடுவில் வருகிறேன். ஆம்ப் அலறினால் பாடகர் மைக்கிலும் கிதார்தான் விழும். மிக்சரில் எதை இறக்கியும் பயனில்லை. அதற்காகப் பெடல்காரர்களுக்கு மாலை போட மாட்டேன். பாதிப் பேர் பெடலில் கிதார் ஸ்பீக்கரைப் போல வடிகட்டும் கேபினட் சிமுலேஷனை ஆன் பண்ணாமலே ஒயரை நீட்டுகிறார்கள். டிஸ்டார்ஷனை மிதித்தால் தகர டப்பாவில் வண்டை அடைத்த மாதிரி இருக்கும். கிதார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும், கரகரப்பை அதுவே வடிகட்டும். என் பாக்ஸ் வடிகட்டாது, எல்லாவற்றையும் கொட்டும். இரைச்சல் வந்தால் திட்டு எனக்கு. கிதார் ஒயரை மிக்சரோடு சேர்க்கும் டிஐ பாக்ஸில், உறுமலை நிறுத்தத்தான் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது என்றும் யாராவது தெரிந்துகொள்ளுங்கள்.

வளவுக்காரி:
ட்வின்னே வால்வு இல்லாமல் டோன் மாஸ்டர் என்று 2019ல் வந்ததே, 15 கிலோதான். அதை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போங்களேன்.

பழையபெட்டி:
வால்வு இல்லாத ட்வின்னா? பச்சரிசியில் கறுப்புக் கவுனரிசி இனிப்பு கிண்டுகிற கதை. அது இருக்கட்டும், கரண்ட் விஷயத்தை யாரும் பேசவில்லையே. லைன் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒன்றிரண்டு நொடியில் என் வால்வு ஆறாது, கரண்ட் வந்ததும் பாடும். தம்பி பெடல் முதலில் திரையில் கம்பெனிப் பெயரைக் காட்டும், பிறகு யோசிக்கும், பிறகுதான் வாசிக்கும்.

ஒற்றைக்கம்பி:
மறைக்கவில்லை, அன்றைக்கே நடந்தது. பல்லவி முடிந்து என் பிட் வருகிற நேரம், காலடியில் திரை இருட்டு. புல்லாங்குழல்காரர் என் பிட்டையும் சேர்த்து வாசித்துக் காப்பாற்றினார். மறுநாளே கம்ப்யூட்டருக்கு வைக்கும் யூபிஎஸ் ஒன்று வாங்கிவிட்டேன்.

பழையபெட்டி:
சரி. யூபிஎஸ் எத்தனை கிலோ?

ஒற்றைக்கம்பி:
ஐந்து. பைக்கில் டேங்க் மேல் வைத்துக்கொள்வேன்.