மலைப்பாதையில் குதிரைக்குச் சேணம் பொருந்தவில்லை, எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி (அணைக்கட்டு)

வணக்கம். என்னிடம் ஏழு வயதுக் கத்தியவார் பெண் குதிரை இருக்கிறது. விடுமுறை நாட்களில் பீஞ்சமந்தை மலைச்சாலையில் ஏறி இறங்குவோம். சேணம், கைமாறி வந்த பழைய தோல் சேணம். சில வாரங்களாக அதைக் கழற்றினால் முதுகு முழுவதும் வியர்வையில் நனைந்திருக்கிறது. தோளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்து கிடக்கிறது. வயிற்றுப் பட்டையை இறுக்கினால் காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. எனக்கும் இடுப்பு வலி. சேணத்தின் முன்பக்கம் தூக்கலாக இருப்பதால் பின்னுக்குச் சரிந்தே உட்கார வேண்டியிருக்கிறது. விற்றவர், தடித்த கம்பளி விரிப்பு ஒன்றைக் கூடுதலாகப் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில் (குடியாத்தம்)

போடாதீர்கள் தம்பி. சேணத்தின் உள்சட்டம் உங்கள் குதிரைக்குக் குறுகலாக இருக்கிறது. முன்பக்கம் தூக்கி நிற்பதும், காய்ந்த திட்டுகளும் அதைத்தான் காட்டுகின்றன. அழுத்தம் மிகுந்த இடத்தில் வியர்வை வராது. நடுமுதுகில் பள்ளம் ஓடும் இடம் காய்ந்திருந்தால் கவலையில்லை. அங்கே சேணம் படவே கூடாது. இறுகிய காலணிக்குள் இன்னொரு காலுறை போட்டால் என்ன ஆகும்? தடித்த விரிப்பும் அதையேதான் செய்யும். இப்படியே விட்டால் அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கலாம், பிறகு பெரும்பாலும் மாறாது.

விரிப்பே இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்துப் பாருங்கள். பிடரி முடியும் இடத்தில் உயர்ந்திருக்கும் எலும்பு மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நீங்கள் ஏறி அமர்ந்த பிறகும் அந்த இடைவெளி இருக்க வேண்டும். தோள்பட்டை எலும்பின் மேல் சேணம் ஏறக் கூடாது. முன்காலை நீட்டும்போது அந்த எலும்பு பின்னோக்கி நகரும். மலை இறக்கத்தில் குதிரை அடியைச் சுருக்கிக்கொண்டு நடப்பது, அது சேணத்தில் இடிப்பதாலும் இருக்கலாம். பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டி இடுப்பில் உட்காரக் கூடாது. பிறகு அடியில் கையை விட்டு முன்னிருந்து பின்வரை தடவுங்கள். இரு முனையும் அழுத்தி நடுவில் காற்று இருந்தால் அந்தச் சேணமும் வேண்டாம்.

பதில் (ஆம்பூர்)

தோல் வேலை செய்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். வாரையும் தையலையும் நாங்கள் சரிசெய்து தருவோம். அடித்திண்டில் அமுங்கிப்போன கம்பளியை மாற்றி அடைக்கலாம். உள்சட்டம் குறுகலாக இருந்தாலோ உடைந்திருந்தாலோ எந்தத் தையலும் உதவாது. பழையது வாங்கும்போது சேணத்தின் முன்பக்கத்தைத் தொடையில் ஊன்றி, பின்மேட்டை உங்கள் பக்கம் இழுங்கள். நடுவில் மடங்கினாலோ கிறீச்சிட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (அணைக்கட்டு)

நன்றி ஐயா, நன்றி அண்ணா. கடைக்குக் குதிரையைக் கொண்டுபோக முடியாதே, அளவை எப்படிச் சொல்வது?

பதில் (குடியாத்தம்)

வளைத்தால் அப்படியே நிற்கும் கம்பி ஒன்றை எடுங்கள். தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால், முதுகின் குறுக்கே அழுத்தி வடிவம் எடுத்து, அட்டையில் வரைந்து வெட்டுங்கள். அந்த அட்டை சேணத்தின் முன்வளைவுக்குள் இடிக்காமலும் தளராமலும் பொருந்த வேண்டும். சமதளத்தில் குதிரையை நேராக நிறுத்தி அளவெடுங்கள். கார்த்திகை மழைக்குப் பிறகு புல் மேய்ந்து முதுகு பருத்திருக்கும், கோடையில் இளைக்கும். எனவே பருவத்துக்கு ஒருமுறை அட்டையை வைத்துப் பாருங்கள்.

உங்களுக்கு: அமர்ந்தால் பின்னால் நான்கு விரல் இடம் மிஞ்ச வேண்டும். அங்கவடி (கால் வைக்கும் வளையம்) வாரை, அதன் மேல்முனையில் விரல் வைத்துக் கை நீட்டினால் வளையம் அக்குள் வரை எட்டும் நீளத்தில் முதலில் வைத்து, மலைக்கு ஏற்ப ஒரு துளை கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இறக்கத்தில் சேணம் முன்னே வழுக்கினால், வாலுக்கு அடியில் போட்டுச் சேணத்தோடு கட்டும் வாலடி வார் உதவும். பொருந்தாத சேணத்தை அது பொருத்திவிடாது. பாலாற்று மணலில் போய்வந்தால் பட்டைக்கு அடியில் சேர்ந்த மணலைத் துடைத்த பிறகே மறுபடி இறுக்குங்கள்.

இப்போதைக்குச் சவாரியை நிறுத்துங்கள். காய்ந்த திட்டுகளை விரல்களால் மெல்ல அழுத்திப் பாருங்கள். குதிரை முதுகைத் தாழ்த்தினாலோ தோல் துடித்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நோவு அடங்கும்வரை கயிற்றில் பிடித்து நடத்தினால் போதும்.