ஐஸ்லாந்து வம்சாவளி விவசாயி ரோடு போட்டாராமே, எப்படி?

பாகூர்க்காரன்: ஆபீஸ்ல கூட வேலை பாக்குற கனடாக்காரர், மானிடோபா பக்கம், அவர் தாத்தா ஐஸ்லாந்து வம்சமாம், பயிரும் வெச்சுக்கிட்டு ஊருக்கு ரோடும் போட்டாராம். ஐஸ்லாந்துக்காரங்க அங்க எப்படி போனாங்க, விவசாயிக்கு எதுக்கு ரோடு வேலை?

பண்ருட்டி பலாக்கொட்டை: 1875ல ஐஸ்லாந்துல அஸ்க்யா எரிமலை வெடிச்சு சாம்பல் மேய்ச்சல் நிலத்தையெல்லாம் மூடிடுச்சு, ஏற்கனவே கஷ்டம் வேற, அதான் நெறைய பேரு கனடாவுக்குக் கிளம்பிட்டாங்க. வெடிக்கிறதுக்கு முன்னாடியே பெரும்பாலும் கனடா வந்திருந்த ஒரு கூட்டம் அதே வருஷம் அக்டோபர்ல வின்னிபெக் ஏரி மேற்குக் கரையில கிம்லிங்கிற இடத்துல போய் இறங்குச்சு. மறுவருஷமே பெரியம்மை, பாவம். வெள்ளாமை கைக்கு வர்ற வரைக்கும் ரோடு கூலிதான் கைக்காசு.

கெடிலக்கரை: அந்த ரோட்ட நெனச்சுப் பாருங்க, எல்லாம் சதுப்பு, மரத்த வெட்டி குறுக்கால நெருக்கி அடுக்கி மேல மண்ணு போடுவாங்க, வண்டி போனா குடல் வாய்க்கு வந்துடும். நம்ம ஊர்ல வாய்க்கால் மேல பனைமரம் போடுறோம்ல, அத மைல் கணக்குல போட்ட மாதிரி. அப்புறம் குதிரை இழுக்குற இரும்பு ஸ்கிரேப்பர், பெரிய முறம் மாதிரி, பின்னாடி ரெண்டு கைப்பிடி, ரெண்டு பக்கமும் பள்ளம் வெட்டி அந்த மண்ண நடுவுல கொட்டி மேடாக்குவாங்க, கைப்பிடிய தூக்கிவிட்டா கவுந்துடும். கல்லுல மாட்டுச்சுன்னா ஆளே கவுந்துடுவான் 😄 ஜேசிபி எல்லாம் ஏது.

பாகூர்க்காரன்: சூப்பர்ண்ணே. அவர் பேருல ‘சன்’னு முடியுது, அது?

பண்ருட்டி பலாக்கொட்டை: அப்பா பேரு தம்பி, நம்ம இனிஷியல் மாதிரி. ஜோன் மகன் ஜோன்சன், மகள்னா ஜோன்ஸ்டோட்டிர். கனடா போனதும் பெரும்பாலும் அதுவே குடும்பப் பேராயிடுச்சு.