ஒரு ட்ரவுட் மட்டும் ஏன் கறுத்துப்போகிறது?

கேள்வி:
13 டிகிரி தண்ணீரில் ரெயின்போ ட்ரவுட் மீன் குஞ்சுகள் இரண்டு வளர்க்கிறேன். மூன்று நாளாகச் சின்னதன் உடம்பு கரித்துணி மாதிரி ஆகிவிட்டது, கண்ணின் வெள்ளையும் கறுத்திருக்கிறது. வடிகட்டிக் குழாயின் பின்னால் ஒண்டிக்கொண்டே இருக்கிறது. இரையைத் தொடுவதில்லை. தண்ணீரில் அம்மோனியா (மீன் கழிவில் வரும் நஞ்சு) பூஜ்யம். நோயா?

பதில் 1:
பெரியது துரத்துகிறதா என்று பாருங்கள். ட்ரவுட் சேர்ந்த சால்மன் குடும்பத்தில், சண்டையில் தோற்ற மீன் கறுப்பது வழக்கம். தோலின் நிறச் செல்களுக்குள் மெலனின் என்ற கறுப்பு நிறமித் துகள்கள் பரவிவிடும். அது ஒருவகையில் 'விட்டுவிடு' என்ற சைகை. கறுத்தபின் அடி குறையும்.

கேள்வி கேட்டவர்:
ஆமாம், வாலைக் கடித்திருக்கிறது! நான்தான் கவனிக்கவில்லை.

பதில் 2:
இரண்டே மீன் என்றால் அடி முழுவதும் ஒன்றுக்கே விழும். உடனே நடுவில் தடுப்பு வையுங்கள். கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் நாள்கணக்கில் ஏறியே இருந்தால் பசி போகும், நோய் எதிர்ப்பும் குறையும். அப்புறம், தரை கறுப்பாக இருந்தாலும் மீன் கறுக்கும், ஆனால் அப்போது இரண்டு மீனும் சேர்ந்து கறுக்கும்.

பதில் 3:
ஒரு உபரித் தகவல்: உடம்பில் கரும்புள்ளி அதிகமுள்ள ரெயின்போ ட்ரவுட்டுக்கு மன அழுத்தத்தின்போது கார்ட்டிசால் குறைவாகவே ஏறுவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். இந்தப் புள்ளி வேறு, அந்தக் கறுப்பு வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
தடுப்பு வைத்தாயிற்று. மறுநாள் காலை முதுகு கொஞ்சம் வெளுத்திருந்தது, இரண்டு புழு தின்றது. பெரியதுதான் இப்போது தடுப்பை முட்டிக்கொண்டிருக்கிறது.