பக்கேஜ் வேர்சனுக்கு டிஃபோல்ட்டா ^ போடுறதோ, பூட்டி வைக்கிறதோ?

அண்ணையாக்கள், அக்காக்கள், தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா சொல்லித் தாங்கோ. திருநெல்வேலியில நாங்கள் நாலு பேர் எங்கட ரீமுக்குள்ள பாவிக்க ஒரு சின்ன பக்கேஜ் மனேஜர் (மற்ற ஆக்கள் எழுதின கோட் பக்கேஜுகளை இறக்கிச் சேர்க்கிற புரோகிராம்) எழுதிக்கொண்டிருக்கிறம், அதில ஆராவது புதுசா ஒரு பக்கேஜைச் சேர்க்கேக்க வேர்சன் விதியைத் தானா என்னெண்டு எழுதோணும் எண்டதிலதான் ரெண்டு கிழமையா இழுபறி.

ஜாவாஸ்கிரிப்ட்டின்ர பக்கேஜ் மனேஜர் என்பிஎம் ^1.4.2 எண்டு போடும், அதாவது 1.4.2 இல இருந்து 2.0.0 க்குக் கீழ எதுவும் வரலாம். ரஸ்ட் மொழியின்ர கார்கோவில வெறுமன 1.4.2 எண்டு எழுதினாலும் அதே அர்த்தம்தான். ~1.4.2 எண்டால் 1.5.0 க்குக் கீழ மட்டும். எனக்கு ^ தான் சரியெண்டு படுது, ஏனெண்டால் லைப்ரரி எழுதுற எல்லாரும் வேர்சனைப் பூட்டினால் (குறிச்ச ஒரே வேர்சனை மட்டும் எடுக்கச் சொன்னால்) ஒரே பக்கேஜின்ர நாலு பிரதி வந்து நிக்கும், இல்லாட்டி ஒண்டோடொண்டு முட்டும்.

ஆனா போன மாசம் ஒரு பக்கேஜ் மைனர் வேர்சனிலயே (நடு இலக்கம் கூடுற வேர்சன்) ஒரு ஃபங்சனைத் தூக்கிப்போட்டுது, நாங்கள் லொக் ஃபைலை (எந்தெந்த வேர்சன் எடுத்தது எண்டு குறிச்சு வைக்கிற ஃபைல்) கிட் (Git) இல ஏத்தாம விட்டிட்டம், என்ர மெசினில ஓடினது சேர்வரில விழுந்து, இரவு ரெண்டு மணி மட்டும் இருந்து தேடினம். அதுக்குப் பிறகு ரீமில ஒரு தம்பி எல்லாத்தையும் பூட்டுவம் எண்டு நிக்கிறார், அவர் சொல்றதிலயும் நியாயம் இருக்கு.

அப்ளிகேஷனுக்குப் பூட்டு, லைப்ரரிக்கு ^ எண்டு ரெண்டு டிஃபோல்ட் வைக்கலாமோ, இல்லாட்டி லொக் ஃபைலைக் கட்டாயமாக்கி ஒரே விதியோ? மற்றது ^0.4.2 எண்டால் 1.0.0 க்குக் கீழ இல்லை, 0.5.0 க்குக் கீழதான் எடுக்கும், புதுசாப் பழகிற பெடியளுக்கு இது குழப்பமா இருக்காதோ? செய்து பாத்த ஆக்கள் உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ, வாற கிழமை முடிவெடுக்கோணும்.