புதுப்பிப்பு: சளியா, நிமோனியாவா என்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்பது

அங்கன்வாடிக்கு வரும் தாய்மார்களுக்குச் சாதாரணச் சளிக்கும் நிமோனியாவுக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படிப் புரியவைப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

படம் போட்ட அட்டை எடுபடவில்லை. வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பலன் தந்தது, 'சட்டையைத் தூக்கிவிட்டு மூச்சை எண்ணச் சொல்லுங்கள்' என்ற யோசனை. செல்போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து, தூங்கும் குழந்தை ஒன்றின் வயிறு ஏறி இறங்குவதைச் சேர்ந்து எண்ணினோம். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்குத் தப்பும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பதும் வேண்டாம்; சின்னப் பிள்ளைகளின் மூச்சு சீராக இருக்காது.

தேடி வருபவர்களுக்காக, ஒரு நிமிடத்துக்கான மூச்சு அளவுகள்: 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, 1 முதல் 5 வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வெறும் சளி இல்லை, நிமோனியாவாக இருக்கலாம்; அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிந்தாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

எதிர்பாராத விஷயம், அதிகம் கேள்வி கேட்டது பாட்டிமார்கள். வீட்டில் சளிக்கு வைத்தியம் முடிவு செய்வதும் அவர்கள்தானே! ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்பதைச் சட்டென்று ஒத்துக்கொண்டார்கள். கற்பூர எண்ணெய் தடவுவதை விடவைக்கத்தான் பெரும்பாடு, இன்னும் முழுசாக முடியவில்லை. அப்புறம், நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் தடுப்பூசி 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம் என்பதே பலருக்குத் தெரியவில்லை.